வியாழக்கிழமைகளில் அவர் எங்கே போகிறார்

கல்லூரியில் மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஏன் மேடம்'. ஆங்கில இலக்கியம் நடத்துபவர். கவிதையோ கதையோ, ஒரு வரியைப் படித்ததும் வகுப்பைப் பார்த்து "ஏன்?" என்பார். பதில் வந்தால் அதற்கும் ஒரு "ஏன்?" தயாராக இருக்கும்.

நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். தலைப்பு நெறியாளர் கொடுத்தது: நவீன அமெரிக்க நாவல்களில் அந்நியமாதல், காதல், விடுதலை, ஓர் உளவியல் வாசிப்பு. "இதை மூச்சு விடாம சொன்னாலே பட்டம் குடுத்துடலாம்" என்றார் மேடத்தின் அக்கா.

சாப்பாட்டு மேசையின் பாதியை நாவல்கள் பிடித்துக்கொண்டன. படிக்கப் படிக்க ஒரு விஷயம் மேடத்தை உறுத்தியது. கதைக்குக் கதை ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டே இருந்தான். வேலை இருக்கும், வீடு இருக்கும், மனைவி இருப்பாள். ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எங்கோ ஒரு விடுதி அறையில் படுத்துக்கொண்டு அவளை நினைத்து உருகுவான். பக்கத்தில் இருந்தபோது முகம் கொடுத்துப் பேசாதவன். தூரம் போனால்தான் அன்பு சுரக்குமா? விடுதலை என்பது வாசலுக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்குமா?

பென்சிலைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே கணவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் இரும்பு வடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். இத்தனை வருஷமும் அதை அவருடைய குணம் என்றே மேடம் நினைத்திருந்தார். இப்போது அது ஏதோ அறிகுறி மாதிரி தெரிந்தது.

"என்னங்க, எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிடணும்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

"எங்க?"

"எங்கயாவது."

"நாளைக்கு வேலை இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி தட்டைப் பார்த்தார்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் வேறு இடத்தில் கை வைத்தார். "வியாழக்கிழமையானா லேட்டா வர்றார்னு சொன்னியே, அதை முதல்ல கேளு. அமெரிக்காக்காரனை அப்புறம் பாத்துக்கலாம்."

கேட்டதற்குக் கணவர், "வேலை இழுத்துடுச்சு" என்றார். ஒவ்வொரு வியாழக்கிழமையுமா இழுக்கும்?

ஒரு வியாழக்கிழமை கடைசி வகுப்பு ரத்தானது. மேடம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியே கணவரைப் பார்த்தார். தோளில் ஒரு பையோடு, வீட்டுக்கு எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார். மேடம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்னாலேயே போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

கணவர் நுழைந்தது நகராட்சி நீச்சல் குளத்துக்குள்.

மேடம் மேலே பார்வையாளர் வரிசையில் ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்தார். கீழே, குழந்தைகள் குளிக்கும் ஆழமில்லாத பகுதியில், தலையில் ரப்பர் தொப்பியோடு கணவர் சுவர்க் கம்பியைப் பிடித்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தார். மகள் வயதுப் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். "முட்டியை மடக்காதீங்க சார்." அவர் மடக்காமல் உதைத்தார். கையை விட்டார், முங்கினார், இருமிக்கொண்டே எழுந்து சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் மிச்சம் இருப்பதே மேடத்துக்குத் தெரியாது.

மேடம் வெளியே வந்து வாசலில் நின்றார். ஈரத்தலையோடு வந்த கணவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு பக்கத்தில் வந்து நடக்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா ஏன்னு கேட்டிருப்ப."

"கேட்டா என்ன?"

"எனக்கே தெரியாதே. லிஃப்ட் ஏன் நின்னுச்சு, ஏன் சத்தம் போடுதுன்னு நாள் பூரா காரணம் தேடிட்டே இருக்கேன். காரணம் இல்லாம ஒண்ணே ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "உனக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

மேடம் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். வேலை, வீடு, ஆராய்ச்சி, எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

அதன் பிறகு அந்த நாவல்களை வேறு மாதிரி படித்தார். ஓடிப்போகிற ஒவ்வொருவனையும் தன் ஆய்வில் இதுவரை நோயாளியாகவே எழுதி வைத்திருந்தது தெரிந்தது. கதவை மூடிக்கொண்டு உள்ளே நின்ற மனைவிகளைப் பற்றி நாவல்களும் எழுதவில்லை, தானும் எழுதவில்லை. புதிதாக ஓர் இயல் எழுதினார். அன்பு குறைந்ததால்தான் ஒருவர் விலகுகிறார் என்று சொல்ல முடியாது, வீட்டிலேயே இருப்பவருக்கும் போய்வர ஓர் இடம் வேண்டியிருக்கும் என்று அதில் வாதாடினார்.

"இதுக்கு ஆதாரம் எங்கேம்மா? நாவல்ல இல்லையே" என்றார் நெறியாளர்.

"இல்லைங்கிறதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

நெறியாளர் பாதியை வெட்டினார், பாதியை விட்டுவைத்தார். பட்டம் கிடைத்தது.

இப்போது மேடத்துக்கும் ஒரு மாலை உண்டு. செவ்வாய்க்கிழமைகளில், கல்லூரி வாசலுக்கு எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போவார். அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். வீட்டில் சொல்லவில்லை. கணவர் கேட்கவும் இல்லை. முதலில் அது சுகமாக இருந்தது. போகப் போக, ஒரு வார்த்தை கேட்டால்தான் என்ன என்று அரித்தது.

"நான் செவ்வாய்க்கிழமை எங்க போறேன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"கேட்டா சொல்லுவியா?"

மேடம் யோசித்துப் பார்த்தார். "மாட்டேன்."

"அப்புறம் என்ன" என்றார் கணவர்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.