கோணித் தட்டிக்கு அந்தப் பக்கம்

தருமபுரியில் நான் பெருக்கித் தண்ணீர் ஊற்றிய ஆபீஸ் ஒரே ஒரு பெரிய கூடம். முன்பு அது கடலைக் குடோன். மேலே தகரம், உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. குமாஸ்தாக்கள், மூன்று டைப்பு மெஷின்கள், அதிகாரியின் மேசை, போன், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மெஷின்கள் மூன்றும் தட்டத் தொடங்கினால் தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். அதற்கு மேலே பேசிப் பேசித்தான் என் குரல் இப்படி ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். அது பிறவியிலேயே பெரிய குரல். காட்டில் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் மாடு திரும்பும். அதில் எனக்குப் பெருமைதான்.

என் வீட்டுக்காரர் அங்கே பியூன். எந்த மூலையில் நின்று யாரிடம் என்ன பேசினாலும், நான் பானை கழுவிக்கொண்டே கேட்டுவிடுவேன். அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது. கட்டியவன் குரலைப் பிரித்தெடுக்கத் தெரியாதவள் என்ன பொண்டாட்டி?

எழுபதாம் வருஷத்துக்குப் பக்கத்தில் புது அதிகாரி ஒருவர் வந்தார். சேலத்துக்குப் போன் போட்டால் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கத்துவார். ஒரு நாள் போனை வைத்துவிட்டு, "மெஷினச் சுத்தி மறைப்புத் தட்டி வைங்க. மெத்துன்னு இருக்கணும், அப்பதான் சத்தத்தக் குடிக்கும்" என்றார்.

தச்சர் ஆள் உயரத்துக்குச் சட்டம் அடித்தார். இரண்டு பக்கமும் பழைய புளிக் கோணி, நடுவில் தேங்காய் நார். கொஞ்ச நாளில் நாரெல்லாம் கீழே சரிந்து, தட்டிகள் நிறைமாசக்காரி போல வயிறு தள்ளி நின்றன. மேலே வெறும் கோணி. சத்தம் பழையபடி வந்தது.

புளி மண்டியில் மூட்டை தைத்த கை என்னுடையது. கோணி ஊசியும் சணலும் வாங்கி, மெத்தைக்குப் போடுவது போல் கட்டம் கட்டமாக நாரை அடைத்து இறுக்கித் தைத்தேன். விளக்குமாறு நுழையட்டும் என்று அடியில் ஒரு முழம் இடைவெளி விடச் சொன்னதும் நான்தான். அப்புறம் கூடம் அடங்கிவிட்டது. அதிகாரி போனில் சிரித்துப் பேசினார். எல்லாரும் என்னை மெச்சினார்கள்.

மெச்சி முடிப்பதற்குள் என் வயிறு எரியத் தொடங்கியது.

கடைசித் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது டைப்பு அடிக்கிற ஒரு அம்மா. காரிமங்கலத்துப் பக்கம், சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெண். கஞ்சி போட்ட சேலை, கையில் வாட்ச்சு. டீ வேளையில் என் வீட்டுக்காரர் அவளுக்கு டீ எடுத்துப் போவார். போன ஆள் சீக்கிரம் வர மாட்டார். நான் குனிந்து பெருக்கினால் அந்த ஒரு முழ இடைவெளியில் அவருடைய காலும் அவளுடைய செருப்பும் தெரியும். பேச்சு மட்டும் கேட்காது. முன்பெல்லாம், "சீனி பத்துங்களாம்மா?" என்று அவர் கேட்பது வரைக்கும் என் காதில் விழும். இப்போது வெறும் கால்கள். ஒரு நாள் கோணியில் காதை வைத்துப் பார்த்தேன். நார் குத்தியது, புளி வாசம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. என் கையாலேயே என் காதைத் தைத்துக்கொண்டேனே என்று இருந்தது.

வீட்டில் கேட்டேன். "டீய வச்சிட்டு வரீங்களா, இல்ல ஊட்டி வுட்டுட்டு வரீங்களா?"

"ஏன் புள்ள?"

"டம்ளரு வைக்க அம்மாம் நேரமா?"

"சூடா இருந்தா ஆற வேணாமா?"

"எது ஆறணும்? டீயா, நீங்களா?"

அவர் துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் டீ வேளைக்கு விளக்குமாற்றோடு தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டேன். அந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் என் தையலில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி நின்றிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை.

"வாங்கக்கா," என்றாள் அவள், மெதுவாக. "உங்க வூட்டுக்காரரக் கூட்டிகிட்டுப் போங்க. நின்னுகிட்டே தூங்கறாரு."

"தெனம் அப்படி என்னதான் பேசுவாரு?"

"பேசறதா? டம்ளர வைப்பாரு, கண்ண மூடுவாரு. ஏங்கன்னு ஒரு நாளு கேட்டேன். இங்க நின்னாத்தாங்க எங்க வூட்டம்மா சத்தம் கேக்கறதில்லேன்னாரு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

குறுக்கே ஒரு பொம்பளை என்றால் கொண்டையைப் பிடித்திருப்பேன். நானே தைத்த கோணியோடு என்ன சண்டை போடுவது?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கையில் நான் வாயைத் திறக்கவில்லை. முன்னால் போனவர் பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் திரும்பினார்.

"என்ன புள்ள, சத்தத்தயே காணோம்?"

நின்றார். நான் பக்கத்தில் வந்ததும் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒடம்புக்கு முடியலயா?"

"தட்டி இல்லாமயே கெடைக்குதே, அனுபவிங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறியது. வீடு வரைக்கும் எனக்குச் சமமாகவே நடந்து வந்தார். வரகூரில் யாரோ வாங்கிய மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் அவரே பேசினார்.

ஆனால் மறுநாள் டீ வேளைக்கு அந்தக் கால்கள் அந்தப் பக்கம் போகத்தான் செய்தன. நானும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குனியத்தான் செய்தேன்.