வாசற்கதவில் ஒரு சிப்பி வட்டம்

நான் அச்சுவேலிச் சைவப் பிள்ளை. மனைவி குருநகரில் கடற்றொழில் செய்கிற கிறிஸ்தவரின் மகள். கலியாணத்தோடு எங்களுடன் கதைப்பதை விட்ட மாமா, அவளின் அப்பா, ஆறு வருடமாக எங்கள் படி மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவர், புதுவீடு குடிபூர நான்கு நாள் இருக்கும்போது, தானே அறுத்துத் தேய்த்த சிப்பி வட்டமொன்றை மகளிடம் கொடுத்துவிட்டார். கதவில் பதிக்கட்டும், வந்து பார்க்கிறேன் என்றாராம்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தச்சரைக் கூப்பிடுவோம் என்றாள் மனைவி. விடுவேனா? நானே பதித்தால்தானே அவருக்குப் பதில் சொன்ன மாதிரி! மரத்தில் குழி வெட்டும் றூட்டர் மெசினை இரவல் வாங்கி, பழம் பலகையில் ஏழு வட்டம் வெட்டிப் பழகினேன். சிப்பியின் தடிப்புக்கு மட்டும்தான் குழி விழவேண்டும். மயிரிழை கூடினாலும் சிப்பி உள்ளே தாழ்ந்துபோகும்.

மறுநாள் கதவை மேசையில் கிடத்தி, நடுவை அளந்து பென்சிலால் குறுக்கும் மறுக்குமாய்ப் புள்ளடி போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், பொட்டு வைக்காமல் புதுக்கதவில் இரும்பு படக்கூடாதென்று அம்மா சந்தனத்தை அப்பியிருந்தா. புள்ளடி அதற்குள் மறைந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. புள்ளடிக்கு நேரேதான் வைத்திருப்பா என்று பொட்டின் நடுவில் ஆணியை இறக்கி, அதைச் சுற்றி மெசினை ஓட்டினேன். உளியால் ஓரம் சீவிச் சிப்பியை வைத்தேன். கச்சிதமாக இருந்துகொண்டது! நான் போட்ட கத்தலில் அடுத்த வீட்டார் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.

கதவை நிமிர்த்தியபோதுதான் தெரிந்தது, வட்டம் ஒரு விரல் அகலம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. தன்னால்தான் என்று அம்மா அழுதா. எனக்கு என்மேல்தான் கோபம். சந்தனத்தைத் துடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? வெட்டிய மரத்தைத் திருப்பி ஒட்டவும் முடியாது. இருக்கட்டும், அப்பா சொல்வதைச் சொல்லட்டும் என்றாள் மனைவி.

குடிபூரலன்று மாமா வந்தார். வெளிப்படியில் நின்றபடியே கதவைப் பார்த்தார்.

"நடுவிலை இல்லை" என்றார்.

"இல்லை, மாமா."

கையை நீட்டி, சிப்பியின் ஓரத்தை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று.

"நகம் தட்டேல்லை. நீரோ செய்தனீர்?"

"ஓம்."

பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"தம்பி, செருப்பை எங்கை கழட்டிறது?"