ஒரு கோழி குறைகிறது

தொலைக்காட்சியில் ஒருமுறை என்னை முதலாளி என்று சொன்னார்கள். பதினோரு நிமிட நிகழ்ச்சியில் நான்கு தடவை. எண்ணியது நான் இல்லை, என் மனைவி.

மோகனூர் பக்கம் எங்கள் விவசாயக் காட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். வைத்திருக்கிறோம் என்றால், கொட்டகை எங்களுடையது. தண்ணீர், கரண்ட், எங்கள் இருவரின் உழைப்பு, எல்லாம் எங்களுடையது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. குஞ்சை இறக்கிவிட்டுப் போவார்கள். நாற்பது நாள் கழித்து வந்து கோழியாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். வளர்த்ததற்குக் கூலி உண்டு. இடையில் செத்துப்போனால் மட்டும் அது என் கோழி.

ஒப்பந்தப்படி பண்ணையில் நாய் வளர்க்கக் கூடாது, பூனை கூடாது, நாட்டுக்கோழி கூடவே கூடாது. நோய் தொற்றும் என்கிறார்கள். அதனால் ஐயாயிரம் கோழிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க மோகனூர் கடைக்கு வண்டியில் போய் வரிசையில் நிற்பவன் நான். கறிக்கடைக்காரர் இதற்குச் சிரிப்பதில்லை. அவருடைய மச்சானும் பண்ணை வைத்திருக்கிறார்.

பணக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர்களுடைய பங்களாவையோ காரையோ பார்த்து இல்லை. தன் வீட்டில் இருப்பதைத் தானே எடுத்துத் தின்ன யாரிடமும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள், அதற்காகத்தான்.

எங்களுக்கு எல்லாவற்றையும் கம்பெனியின் மொபைல் ஆப்பில் கேட்க வேண்டும். தினமும் காலையில், செத்த கோழிகளை வரிசையாகக் கிடத்திப் படம் எடுத்து அதில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும், ‘நன்றி. உங்கள் நாள் இனிதாகட்டும்’ என்று வரும். வெயில் காலத்தில் ஒருநாள் அறுபது கோழி செத்தது. அன்றைக்கும் இனிதாகட்டும் என்றுதான் வந்தது.

அந்த நிகழ்ச்சி கம்பெனி பணம் கொடுத்து எடுக்க வைத்தது. விவசாயி எப்படி முதலாளியானார் என்பது விஷயம். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எங்கள் கொட்டகைக்குப் பின்னால் தென்னை மரங்கள் இருப்பது. சென்னையிலிருந்து ஒரு கேமராக்காரரும் கேள்வி கேட்க ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வந்துருங்க. அத்தனை தூரத்துல இருந்து வந்த புள்ளைக்குத் தக்காளி ரசமா ஊத்தறது?”

நான் வண்டியை எடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டது. சொன்னேன்.

“இவ்ளோ கோழி வச்சுக்கிட்டுக் கடையில வாங்குவீங்களா சார்?” என்று சிரித்தது.

கெட்ட எண்ணமே இல்லாத சிரிப்பு. அதற்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து முதலாளி, முதலாளி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டிருந்தது. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனேன். நல்லதாக ஒன்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். அம்மியில் மசாலா அரைத்து, தேங்காய் சேர்த்துக் குழம்பு வைத்தாள். அந்தப் பெண் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது.

அடுத்த வாரம் கோழிகளைப் பிடித்துப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி வந்தது. நான் கோழியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, ‘சொந்தப் பண்ணை, சொந்தக் கோழி’ என்று ஒரு குரல் சொன்னது. பின்னால் நாதசுரம் வாசித்தார்கள். என்னைப் பற்றி வந்த செய்தியிலேயே உண்மையாக இருந்தது தென்னை மரம் மட்டும்தான். அன்றிலிருந்து நான் மற்றவர்களைப் பற்றி வரும் செய்திகளையும் முன்போல் பார்ப்பதில்லை.

கம்பெனியில் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது ஒரு ஆபீஸ். அதைப் பார்த்துக் கோழிக் கணக்கை எடுத்தது இன்னொரு ஆபீஸ். கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து மூன்று வாரமாகியும் குஞ்சு வரவில்லை. எங்களுக்கு வேறு வருமானமும் இல்லை. சூப்பர்வைசர் வந்தார். ஆத்தூர்க்காரர், நல்ல மனிதர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“கணக்குல ஒரு கோழி குறையுதுண்ணே. காரணம் போட்டாத்தான் போன பேட்ச் முடியும். அது முடிஞ்சாத்தான் அடுத்த குஞ்சு விடுவாங்க.”

ஆப்பைத் திறந்து காட்டினார். காரணங்கள் பட்டியலாக இருந்தன. நோய், வெயில், நெரிசல், பாம்பு, நாய், திருட்டு. விருந்தாளி என்று ஒன்று இல்லை. மேலும் கீழும் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தேன்.

“நோய், வெயில்னா செத்த கோழி படம் கேக்கும். திருட்டுன்னா ஒப்பந்தம் ரத்து. ரெண்டு கிலோ கோழியைப் பாம்பு முழுங்காது. நாய் போடுங்க, தெருநாய்” என்றார்.

“அவங்கதான் டிவியில பாத்துட்டாங்களே. அவங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியும்ணே. இருந்தாலும் கட்டம் காலியா இருக்கக் கூடாதாம்.”

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை.

“நம்மூட்டுக்கு வந்து கையை நனைச்ச புள்ள. அது தின்னதை நாய் தின்னுச்சுன்னு எழுதுவீங்களா?”

சூப்பர்வைசர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொட்டகையைப் பார்த்தேன். இத்தனை சுத்தமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. நாய் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தேன். ‘நன்றி. உங்கள் நாள் இனிதாகட்டும்’ என்று வந்தது. மனைவி உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை குஞ்சுகள் வந்தன. அவள் வழக்கம்போல விடியும்முன் எழுந்து வந்து தண்ணீர் வைத்தாள், பல்பின் சூடு பார்த்தாள். என்னிடம் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. கம்பெனிமேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அதுவும் சரியாக வரவில்லை. பட்டியல் அவர்களுடையது, விரல் என்னுடையது.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தது. நிகழ்ச்சிக்கு நல்ல வரவேற்பாம். அம்மாவிடம் கொடுங்கள் என்றது. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“அம்மா, உங்க கொழம்பு ருசி இன்னும் நாக்குல நிக்குது. எங்க வீட்டுப் பக்கம் யாரும் இப்படிக் கூப்பிட்டு உக்கார வச்சுப் போட மாட்டாங்க.”

“அதுக்கென்ன சாமி, மறுக்கா வா. உன்ற ஊடு மாதிரி நெனச்சுக்க” என்றாள் மனைவி. பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

“சார், இருக்கீங்களா? சார்?”

நாய் என்று தொட்ட அதே விரலால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.