பாசி விழுங்கிய சைகை

அந்த வாடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அழுகிய தேங்காய் மட்டையும் செத்த மீனும் சேர்ந்த வாடை. கரையை விட்டு வெகுதூரம் வந்த பிறகும் அது எங்கள் வள்ளத்தை விடவில்லை...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசி. தூத்துக்குடியில் ஒரு சின்னப் பத்திரிகையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஆனாலும் கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பு நாட்களில் கடலுக்குப் போய்விடுவேன். காரணம், என் அக்கா ரோசம்மாவின் புருஷன் கஸ்பார் மச்சான். கடலில் இறங்குகிறவரின் கயிற்றை அவர் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலியை அவன் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கை.

தனிக் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் ஊன்றி மச்சான் இறங்குவார்; அடியைத் தொட்டதும் கல்லை மேலே ஏற்றிவிடுவோம். அவர் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில். கீழிருந்து அவர் வெட்டி இழுப்பதுதான் சைகை; அது வந்தால் நான் தூக்க வேண்டும். அதுவரை அவர் விடும் குமிழியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெளிந்த நாளில் அவர் முதுகே தெரியும்.

அன்று குமிழிகூடத் தெரியவில்லை.

மழைக்குப் பிறகு, ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் தேங்கும் கழிமுகத்தில் பாசி மண்டிக் கிடந்தது. தலைமயிர் போல நீள நீளமாக. நீரோட்டம் அதைப் பெயர்த்து, சங்கு கிடக்கும் இடம்வரை விரித்துவிட்டிருந்தது. நடுநடுவே மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

"வேண்டாம் மச்சான், திரும்பிருவோம்."

"ஏலே பேப்பர்காரா, பாசியக் கண்டு பயந்தா நீ என்னத்த எழுதப் போற? மேலதான் பச்சை. கீழ கண்ணாடி மாதிரி கெடக்கும்."

சிரித்தபடி சிலுவை போட்டுக்கொண்டார். துடுப்பால் பாசியை விலக்கி வழி செய்தேன். இறங்கினார்.

விலக்கிய இடம் மெல்ல மூடிக்கொண்டது...

கல்லை ஏற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கயிற்றில் உயிரே இல்லை. நனைந்த துணிமூட்டை போலக் கனத்தது. வள்ளத்தின் தலைவரான தண்டலிடம், "இழுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"சைகை வந்துச்சால?"

"இல்ல."

"அப்ப பேசாம இருலே. சைகை இல்லாம இழுத்தா அடியில எங்கயாச்சும் மாட்டிக்கிரும்."

அவர் சொன்னதுதான் முறை. பச்சையில் குமிழியைத் தேடினேன். ஒரு குட்டி நண்டு பாசிமேல் நடந்து போனது. கடலின் மேல் நண்டு நடப்பதை அன்றுதான் பார்த்தேன். காலையில் குடத்தோடு நின்ற அக்காவின் முகம்...

இழுத்துவிட்டேன்.

அசையவில்லை. தண்டலும் ஓடிவந்து பிடித்தார். முதலில் மேலே வந்தது ஆள் இல்லை, ஒரு பாசிப் பொதி. அதற்குள்ளிருந்து ஒரு கை.

மச்சானை வள்ளத்தில் கிடத்தி, மூக்கிலும் வாயிலும் இருந்த பச்சை நூல்களை உருவினோம். இருமினார். வாந்தி எடுத்தார். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"எத்தன தரம்ல இழுத்தேன்... மேல வந்தா பாசி மூடிக் கெடக்கு, வழி தெரியல. நீ தூங்கிட்டியோன்னு நெனச்சேன்."

ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. அத்தனை சைகையையும் கயிற்றைச் சுற்றிக் கிடந்த பாசி வாங்கிக்கொண்டது. தண்டல் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்க அக்காட்ட சொல்லிராத" என்றார் மச்சான். "சொன்னா ரெண்டு பேரையும் அதே கயித்துல கட்டிப் போட்ருவா."

கடலில் பாசி, மீன்கள் சாவு என்று பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி எழுதினேன். காற்று மாறியதும் பாசி போய்விட்டது. மச்சானின் முதுகு மறுபடி தெரிந்தது. கயிற்றை மட்டும் அதன்பிறகு நான் நிம்மதியாகப் பிடித்ததில்லை.

இப்போது மச்சானும் இல்லை, அக்காவும் இல்லை. சங்கு குளிக்கிறவர்கள் முகத்தில் கண்ணாடி மாட்டி, குழாய் வழியாக மூச்சு விடுகிறார்கள். கடல் பச்சையாகிறது என்ற செய்திதான் முன்னைவிட அடிக்கடி காதில் விழுகிறது.

போன வாரம் பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கரையோரக் கடல் முழுக்கப் பச்சை. "சூப்பரா இருக்குல்ல தாத்தா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். மூலை மூலையாகப் பார்த்தேன்...

எங்காவது ஒரு குமிழி தெரிகிறதா என்று.