ஒரு தடவை சொன்னால் போதும்

என் வாழ்க்கையில் பெருமையடித்துக்கொள்ளும்படியான காரியங்கள் மொத்தம் ஒன்றரை. அரைக் காரியம், மோட்டார் சைக்கிள் லைசென்ஸை நாலாவது முயற்சியில் வாங்கியது. முழுக் காரியம் இது. இதிலும் என் பங்கில் முதல் பாதி, காரியத்தைக் கெடுத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுங்கைப்பட்டாணியில், மாதா கோயிலை ஒட்டியிருந்த சிறுவர் இல்லத்தில் நான் குமாஸ்தா. நெற்றியில் விபூதியோடு வந்து நின்ற என்னை அவர்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நான் மூன்று மொழிகளில் தட்டச்சு செய்வேன் என்பது. மூன்றிலும் பிழையோடுதான் செய்வேன் என்பதை இல்லத்தை நடத்திய சிஸ்டர் அடுத்த வாரம் கண்டுபிடித்தார். அவர் ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து கன்னியாஸ்திரி ஆனவர். கோபம் வந்தால் ஜெபமாலையை மேசைமேல் வைத்துவிட்டு லயத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்.

வீட்டில் அடிபட்டு நொந்த பிள்ளைகளைக் காப்பாற்ற இன்றைக்கு மையம், குழு, நெறிமுறை என்று கனமான பெயர்கள் வந்துவிட்டன. அன்று எங்களிடம் இருந்தவை ஒரு மேசை, ஒரு மின்விசிறி, காவல் நிலையத்திலிருந்து வரும் ஒரு மலாய்க்காரப் பெண் கோப்பரல். தோட்டத்துக்குப் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் வளர்ந்தவர் என்பதால் நன்றாகவே தமிழ் பேசுவார்.

அவர் வருவதற்கு முன்பு நடைமுறை வேறு. அடிபட்ட பிள்ளை முதலில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸரிடம் சொல்ல வேண்டும். பிறகு ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம், காவல் நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீசையிடம், அப்புறம் மொழிபெயர்ப்பாளரிடம், கடைசியில் பெரியாஸ்பத்திரி டாக்டரிடம். ஐந்தாவது தடவை கேட்கும்போது பிள்ளை களைத்துப்போய், “ஒண்ணுமில்ல, விழுந்துட்டேன்” என்று சொல்லிவிடும். வழக்கு அத்தோடு முடிந்தது. பிள்ளை அதே வீட்டுக்குத் திரும்பும். அப்படி ஒரு பையனைத் தன் கையாலேயே திருப்பிக் கொண்டுபோய் விட்ட மறுநாள் கோப்பரல் எங்களிடம் வந்தார்.

“சிஸ்டர், இனிமே புள்ள ஒரு தடவைதான் சொல்லணும். இங்க, இந்த மேசையில. நீங்க கேளுங்க. நான் யூனிபாம் இல்லாம உட்கார்ந்து கேக்குறேன். தம்பி எழுதட்டும்.”

தம்பி என்றது என்னைத்தான்.

முதல் வாய்ப்பு திகாம் பத்துக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து வந்தது. டிரெஸர் போன் செய்தார். எட்டு வயதுப் பெண். தாய் தகப்பன் இல்லை. சித்தப்பா வீட்டில் வளர்கிறாள். முதுகில் பெல்ட் தழும்போடு வருவது இது மூன்றாவது முறை.

“விழுந்துருச்சுன்னு சொல்றாரு சார். புள்ள எந்நேரமும் பெல்ட்டு மேலயேவா லா விழும்?”

மறுநாள் காலையில் போவதென்று முடிவானது. இங்கேதான் நான் என் மரியாதையைக் காட்டினேன். தோட்டத்துக்குள் யார் போனாலும் முதலில் ஆபீசில் பெரிய கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவனும் சொல்வான், நாடகம் போடப் போகிறவனும் சொல்வான். அந்த ஒழுங்கில் வளர்ந்தவன் நான். யாரும் கேட்காமலே போனை எடுத்து, “ஐயா, நாளைக்கு உங்க தோட்டத்துக்கு வர்றோம், போலீசும் கூட வருது, இன்ன வீட்டுக்கு” என்று விலாசம் பிசகாமல் சொல்லி வைத்தேன். பெரிய கிராணியும் ஒழுங்கில் வளர்ந்தவர். சம்பந்தப்பட்ட வீட்டாரைக் கூப்பிட்டு, விருந்தாளிகள் வரும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. டிரெஸர் ஓடி வந்தார்.

“பாலிங்குக்குக் கூட்டிட்டுப் போறாரு சார். அங்க யாரோ தெரிஞ்சவங்க வீட்ல வேலைக்கு விடப்போறாராம். இப்பதான் பஸ் ஏறப் போனாங்க. இவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னுதான் புரியல.”

எனக்குப் புரிந்தது. சொன்னேன். சிஸ்டர் ஜெபமாலையைக் கார் சீட்டில் வைத்தார்.

“ஏன்டா, வெத்தல பாக்கு வச்சுச் சொன்னியா, இல்ல வெறுங்கையோடயா?”

பாலிங்கில் ஏதோ ஒரு வீட்டுக்குள் அவள் போய்விட்டால் பிறகு யாரிடம் போய்த் தேடுவது? எந்த வீடு என்பது டிரெஸருக்கும் தெரியாது. கோப்பரல் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நேரே திகாம் பத்து காவல் சாவடிக்குப் போய்ப் போனைப் பிடித்தார்.

அந்தக் காலத்தில் பாலிங் சாலையில் காட்டுக்காரர்கள் என்ற கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்குப் பயந்து போலீஸ் தடுப்பு போட்டிருப்பார்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லாருடைய ஐசியையும், அதாவது அடையாள அட்டையையும், பார்ப்பது தினசரி வழக்கம், யாருக்கும் அதிசயமில்லை. கோப்பரல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வழக்கமான சோதனையாகவே இருக்கட்டும், யாரையும் இறக்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம், நாங்கள் வரும்வரை மெதுவாகப் பாருங்கள்.

சிஸ்டரின் பழைய மோரிஸ் காரில் நாங்கள் கோலக்கெட்டில் ஊரைத் தாண்டியபோது தடுப்பில் பஸ் நின்றிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் ஒவ்வொரு ஐசியையும் முன்னும் பின்னும் திருப்பி, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒருவர், “என் மூஞ்சில அப்படி என்ன லா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பின் வரிசையில் அவள். மடியில் ஒரு துணிமூட்டை. பக்கத்தில் சித்தப்பா.

“எங்க அண்ணன் புள்ள இது. நீங்க யாரு கேக்குறதுக்கு?”

பாஜு கூரோங் என்ற மலாய் உடையில் இருந்த கோப்பரல் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அண்ணே, நான் மாத்தா, போலீசு. புள்ள முன்னால வேணாம். கீழ வாங்க, பேசுவோம்.”

அவர் இறங்கினார். தடுப்பில் இருந்தவர்கள் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். சிஸ்டர் கையை நீட்டினார்.

“எங்க போறோம்?” என்றாள் அவள்.

“சோறு திங்க.”

சாப்பிட்ட பிறகு இல்லத்தில் எங்கள் மேசைக்கு வந்தோம். சிஸ்டர் அடியைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கோழி. அரை மணி நேரம் கோழி. நான் பேனாவைப் பிடித்தபடி அதன் குடும்ப வரலாறு முழுவதையும் கேட்டேன். பிறகு, யாரும் கேட்காமலே, அவள் சொன்னாள்:

“சித்தப்பா ரேடியோவ சத்தமா வச்சாருன்னா, நான் சட்டையக் கடிச்சுக்குவேன்.”

எனக்கு வாக்கியங்களைச் செப்பனிடும் வியாதி உண்டு. இதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்தால் கல்லும் கரையும் என்று கை பரபரத்தது. சிஸ்டர் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது சொன்னத மட்டும் எழுது. ஒன் சரக்கு வேணாம்.”

எழுதினேன். கோப்பரல் இடையில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. கடைசியில் இரண்டே கேள்விகளைத் தாளில் எழுதி சிஸ்டரிடம் தள்ளினார். சிஸ்டர் அவற்றைத் தன் கேள்விகள்போலவே கேட்டார். அன்று மாலை நான் மலாயில் பெயர்த்ததைக் கோப்பரல் வரி வரியாகச் சரிபார்த்தார். இல்லத்துக்கு வந்த டாக்டரிடமும் அந்தத் தாளைத்தான் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் முதுகைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். என் எழுத்தை எழுதியபடியே இத்தனை பேர் மதித்தது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

கோர்ட்டில் சித்தப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். மாஜிஸ்திரேட் ரேடியோ வரியில் நின்று என்னைக் கூப்பிட்டார். குழந்தை சொன்னதா, நீ எழுதியதா என்று கேட்டார்.

“எனக்கு அவ்வளவு திறமை இல்லை, துவான்.”

அவர் சிரிக்கவில்லை. வெளியே பெஞ்சில் சிஸ்டரோடு உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கூப்பிடவும் இல்லை. மெர்போக்கில் இருந்த அம்மாவின் அக்காவிடம் அவளை ஒப்படைக்க உத்தரவு போட்டார். மாதம் ஒருமுறை கோப்பரல் போய்ப் பார்த்து வர வேண்டும் என்றும் சேர்த்தார்.

கொண்டுபோய் விட நாங்கள் மூவரும் போனோம். பெரியம்மா வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“என்னடி பண்ணான் அந்தப் பாவி? சொல்லுடி, பெரியம்மாகிட்ட சொல்லு!”

கோப்பரல் ஓரடி முன்னால் வைத்தார். அதற்குள் அவளே பெரியம்மாவின் பிடியிலிருந்து விலகி, மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“நான் சொல்லிட்டேன் பெரியம்மா. அந்த அண்ணன் எழுதி வச்சிருக்காரு” என்று என்னைக் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனாள்.