அவள் கட்டைவிரலுக்கு ஒரு லீவர்

வாசலில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகி நின்றுகொண்டிருந்தது, கிளம்பவில்லை. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த நான், பெட்ரோல் வீணாகிறதே என்று வெளியே வந்து பார்த்தேன். என் மனைவி சீட்டில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வைக்கும் இடத்தில் ஒரு பண்டல், பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய இன்னொரு பண்டல்.

"ஏனுங்க, இதைச் சித்த திருகிப் பாருங்க. இறுகிப்போச்சாட்ட இருக்குது."

ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்தேன். லேசாகத் திரும்பியது. கேபிளுக்கு நான் எண்ணெய் விட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் மறுபடி பிடித்துத் திருகினாள். மணிக்கட்டு திரும்பியது, கைப்பிடி திரும்பவில்லை. உள்ளங்கை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"வண்டி நல்லாத்தான் இருக்குது அம்மிணி," என்றேன்.

"அப்ப கையிதானுங்க," என்றாள்.

எனக்குத் திருப்பூரில் ஒரு சின்ன லேத் பட்டறை. நிட்டிங் மெஷின்களுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பேன். அவளுக்கு வேறு தொழில். தைத்து முடித்த பனியன்களில் நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிசிறு என்போம். கம்பெனியில் இருந்து பண்டல்களை எடுத்துப்போய், சந்து சந்தாக வீடுகளில் இருக்கும் பெண்களிடம் பிசிறு வெட்டக் கொடுத்து, சாயங்காலம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ப்பாள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், முடியாத மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்கள், கம்பெனிக்குப் போக வழியில்லாதவர்கள் எல்லாரும் அவள் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தச் சந்துகளில் அவளுக்கு நிறைய உறவு இருந்தது.

கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும் நோய் என்றார். நிறுத்துவதற்கு மருந்து இல்லை, கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அவர் மெதுவாக, நல்லவிதமாகத்தான் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவிநாசி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"வண்டி ஓட்டக்கூடாதுன்னு அவரு சொல்லுலீங்களே?"

"நாம கேக்கலியே."

"அதுதானுங்க. கேக்காம இருந்ததே நல்லது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். அவளால் பிடித்துத் திருக முடியவில்லை, ஆனால் கட்டைவிரலால் அழுத்த முடிந்தது. ஆகவே திருகும் கைப்பிடிக்குப் பதிலாக, அதன் உள்பக்கம் ஒரு சின்ன லீவர். கட்டைவிரலால் அழுத்தினால் கேபிளை இழுக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் வெட்டி, ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். பார்க்க அழகாகவே இருந்தது. அவள் உட்கார்ந்து லேசாகத் தொட்டதும் வண்டி துள்ளிக்கொண்டு போய் பட்டறைச் சுவரில் முட்டியது.

"என்னைய அனுப்பி வெக்கறதுக்கே செஞ்சாப்பல இருக்குதுங்க," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தப்பு எனக்கு உடனே புரிந்தது. கேபிளை லீவர் சுழலும் ஆணியில் இருந்து அதிக தூரத்தில் கோத்திருந்தேன். விரல் கொஞ்சம் அசைந்தாலும் கேபிள் நிறைய இழுபட்டது. ஆணிக்குப் பக்கத்தில் கோத்தால் மெதுவாக இழுத்தது. ஆனால் முழுக்க அழுத்தினாலும் வண்டி மேடு ஏறவில்லை. நடுவில் ஓர் இடம் பார்த்து முடுக்கிக் கொடுத்தேன். காலையில் நன்றாக இருக்கிறது என்றாள். சாயங்காலம் வந்து, அழுத்தி அழுத்தி விரல் செத்துப்போச்சு என்றாள். மறுநாளும் அப்படித்தான். அப்போதுதான் விளங்கியது, அவள் கை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு கைக்கு இல்லை, இரண்டு கைக்குச் செய்ய வேண்டும்.

லீவரில் துளைக்குப் பதில் நீள்பள்ளம் வெட்டினேன். கேபிளின் முனையை அதில் நகர்த்தலாம். கிளாம்பையும் சுற்றிக்கொள்ளும்படி செய்தேன். விரல் எட்டும் இடத்துக்கு லீவரைத் திருப்பி வைக்கலாம். இரண்டுக்கும் ஸ்பானர் வேண்டாம், சிறகு வைத்த நட்டு. இடது கையாலேயே தளர்த்தி முடுக்கிக்கொள்வாள். வேர்வையில் விரல் வழுக்குகிறது என்று, கழுத்துப்பட்டிக்கு வரும் ரிப் துணியின் கழிவில் இருந்து லீவருக்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். அதை வாரம் ஒருமுறை கழற்றித் துவைத்துக் கொடியில் காயப் போடுவாள்.

"ஸ்பிரிங்கைச் சித்த தளத்தியுடுங்க, இன்னும் லேசா இருக்கும்," என்று பலமுறை கேட்டாள். அது ஒன்றுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. விரலை எடுத்தால் வண்டி நின்றாக வேண்டும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த லீவரோடு அவள் ஒரு தைப்பொங்கலைத் தாண்டினாள். நெரிசலான காதர்பேட்டைப் பனியன் கடைவீதிக்குக்கூடப் போய்வந்தாள். சந்துப் பெண்களுக்கு அதைக் காட்டி, "என்ற ஊட்டுக்காரரு செஞ்சதுங்க, கடையில கெடைக்காது," என்று சொன்னதாக அவர்களே பிற்பாடு என்னிடம் சொன்னார்கள். என்னிடம் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. என்னிடம் குறை மட்டும்தான் வரும். கிளாம்ப் கிறீச் என்கிறது, நட்டின் சிறகு முழங்காலில் இடிக்கிறது, லீவரின் ஓரம் அறுக்கிறது. நான் ஒவ்வொன்றையும் அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் குறை சொல்லும்வரை பயமில்லை என்று இருந்தது.

கட்டைவிரலின் பலம் போன பிறகு உள்ளங்கைக்கு மாற்றினோம். அதே லீவரைத் தலைகீழாகத் திருப்பி, முனையில் அகலத் தகடு வைத்தேன். கையின் அடிப்பாகத்தால் முன்னால் தள்ளினால் போதும். வண்டி சாயாமல் இருக்கப் பின்னால் இரண்டு பக்கமும் துணைச்சக்கரம் வைத்தோம். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணத் தேராட்ட இருக்குதுங்க," என்றாள். ஆனாலும் ஓட்டினாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள், ரயில் பாதைக்குக் கீழே போகும் பாலத்தில் இறங்கி மேலே ஏறும்போது, ஈரத்தில் கை தகட்டில் இருந்து நழுவிவிட்டது. வண்டி ஏற்றத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவளால் கையைத் தூக்கி மறுபடி லீவரில் வைக்க முடியவில்லை. பதற்றத்தில் அசைந்ததில் கயிறு தளர்ந்து பின்சீட்டுப் பண்டல் தண்ணீரில் விழுந்து பிரிந்தது. சின்னக் குழந்தைகள் போடும் பனியன்கள் பாலத்தடியில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் மிதந்தன.

அவளிடம் பண்டல் வாங்கிப் பிசிறு வெட்டும் பெண் ஒருத்தி பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம், புருஷனுக்குச் சாயப் பட்டறையில் வேலை. சத்தம் கேட்டு வந்தவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எனக்குப் போன் பண்ணியதும் அவள்தான். நான் போனபோது என் மனைவி அந்தப் பெண்ணின் வீட்டு வாசல்படியில் நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வெசனப்படாதீயக்கா, எல்லாத்தையும் நான் தொவைச்சு காயப்போட்டுத் தாரேன். கறை ஒண்ணும் தெரியாது," என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, தலையை நான்தான் துவட்டிவிட்டேன்.

"இனி இடது கையிக்கு மாத்தியுடுங்க," என்றாள்.

இடது பக்கம்தான் பின் பிரேக். ஒரே கையால் வேகமும் கொடுத்து பிரேக்கும் பிடிக்க வேண்டும். நான் அதைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"இன்னொண்ணுங்க. எவ்வளவு அமுத்துனாலும் சைக்கிள் வேகத்துக்கு மேல போகாதபடி ஒரு ஸ்டாப்பர் வெச்சுருங்க."

அந்த ஸ்டாப்பரை வைக்கலாமா என்று நான் மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டால் மனம் நோவாள் என்று வாய் திறக்கவில்லை. இப்போது அவளே கேட்டுவிட்டாள்.

"எதுக்கு அம்மிணி, நீ நல்லாத்தானே ஓட்டறே."

"என்னைய எனக்கே நம்ப முடியலீங்க," என்றாள். அழவில்லை. வெறும் தகவல் மாதிரி சொன்னாள்.

லீவரை இடது பக்கம் மாற்றி, அதற்குக் கீழே ஒரு போல்ட்டை நிறுத்தினேன். லீவர் அதில் இடித்து நிற்கும். முதலில் போல்ட்டை உயரமாக வைத்து, காலி மைதானத்தில் அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நடந்தேன். நான் நடக்கும் வேகத்துக்கே வண்டி வந்தது. சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றாள். அன்று இரண்டு சுற்று போனோம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக, அவசரமில்லாமல் அப்படிப் போனதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு என்ன தோன்றியதோ, வழியெல்லாம் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பொறுப்பானவள், கணக்கில் சுத்தம், வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது.

மார்கழியில் இடது கையும் தளரத் தொடங்கியது. ஒருநாள் அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச்சொல்லி, என் முன்னால் வைத்தே பேசினாள்.

"சந்து பூராவும் இனி நீ பாத்துக்க கண்ணு. வண்டியும் உனக்குத்தான்."

"என்னக்கா இப்படிச் சொல்லுதீய. உங்களுக்குச் சரியாயிரும்."

"ஆகாது. நீ வண்டி பழகு."

அந்தப் பெண் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, சரிக்கா என்றாள்.

வண்டியைப் பழையபடி ஆக்க வேண்டியது என் வேலை. என் மனைவி நாற்காலியைப் பட்டறை வாசலில் போடச்சொல்லி உட்கார்ந்து பார்த்தாள். துணைச்சக்கரத்தைக் கழற்றினேன். ஸ்டாப்பரைக் கழற்றினேன். கிளாம்பைத் தளர்த்தி லீவரை உருவியபோது ஹேண்டில்பாரில் அது இருந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. புதுசாகத் திருகும் கைப்பிடி ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. நான் மதியம்வரை இழுத்தேன். அவளும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.

அதோடு நான் நின்றிருக்கலாம். நிற்க முடியவில்லை. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்று செய்யத் தொடங்கினேன். ஹேண்டிலை முன்கைகளால் அணைத்துத் திருப்பலாம், முழங்கையால் பின்னால் தள்ளினால் ஓடும், அதற்கொரு லீவர். பழைய மோட்டார் தேடி அலைந்தேன். இருட்டும்வரை பட்டறையிலேயே கிடந்தேன். அளவெடுக்க மட்டும் வீட்டுக்கு வருவேன். தோளில் இருந்து முழங்கை, முழங்கையில் இருந்து மணிக்கட்டு. வந்த வேகத்தில் போய்விடுவேன். பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது சந்துப் பெண்கள்தான். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். சோறு ஊட்டினார்கள், தலை பின்னிவிட்டார்கள்.

ஒருநாள் டேப்போடு குனிந்தபோது அவள் பேசினாள். அப்போது குரலும் குழற ஆரம்பித்திருந்தது. நிதானமாகக் கேட்டால்தான் புரியும்.

"எங்கீங்க போறதுக்கு இந்த வண்டி?"

"எங்க வேணா போலாம். காத்தாட ரோட்டுக்குப் போயிட்டு வரலாம்."

"எனக்குப் போகோணும்னு இல்லீங்க. பட்டறையில இருந்தது போதும். சித்த பக்கத்துல உக்காருங்க."

டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கையின் ஒவ்வோர் அளவும் எனக்குத் தெரியும். அது வெறுமனே என் மடியில் கிடந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளால் துடைக்க முடியாது. "மூக்கைச் சிந்திட்டு வாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு பட்டறையைப் பாதி நாள்தான் திறந்தேன். மூன்று சக்கர வண்டி அரைகுறையாக மூலையில் நின்றது. நான் அவளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினேன், எண்ணெய் தேய்த்துவிட்டேன், பல சமயம் சும்மா இருந்தேன். ஆடிக் காற்று வேகமாக அடித்த ஒரு மத்தியானம் மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அவள் பிறந்த ஊர் கொமரலிங்கம். அஸ்தியை அங்கே அமராவதியில் கரைப்பதென்று முடிவானது. அவளுடைய தம்பி அங்கேயே விவசாயம் பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடியது. இடுப்பளவுக்கு இறங்கி, நான் பானையைக் கவிழ்க்கும்போது அவர் என் முதுகைப் பிடித்துக்கொண்டார். கரையேறியதும் ஈரத்துணியைப் பிழிந்து பைக்குள் வைத்தார்.

திருப்பூருக்கு நான் தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றேன்.

"பரவாயில்லீங்க மாமா, நானும் வரேன்," என்று கூடவே பஸ் ஏறினார். உடுமலையில் இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்தோம். வண்டி கிளம்பியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. பல மாதங்களாக நான் சேர்ந்தாற்போல் தூங்கியதே இல்லை. கண் விழித்தபோது பஸ் திருப்பூர் ஸ்டாண்டில் நின்றிருந்தது, ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டிருந்தார்கள். என் தலை அவர் தோளில் இருந்தது. அவர் சட்டைத் தோளில் என் எச்சில் ஊறி ஈரமாகியிருந்தது. கண்டக்டர் சீட்டுப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கலாங்களா மாமா?" என்றார் மைத்துனர்.

மரத்துப்போன கையை உதறிக்கொண்டு எழுந்து, என் பையையும் அவரே எடுத்துக்கொண்டார்.