பேர் போடற வரைக்கும்

படத்தின் பெயர் திரையில் விழுந்ததும் பல்செட் அக்கா ரிமோட்டை அமுக்கிவிடுகிறார். சோபாவில் கிடக்கும் பிணம், வாசல் வரை வந்துவிட்ட போலீஸ்காரர், அழுவதற்கு வாயெடுத்த பெண் எல்லாரும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு, காதால் மட்டும். அதோடு அந்தப் படத்துக்கு ஒரு முழுக்கு.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் வீட்டுக்காரரைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்லுகிற கணீர்க் குரல் அவருடையது. "தம்பி, இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒரு கொலைகாரன்கூட மாட்டினதில்ல" என்பார் என்னிடம். மேல் வீட்டில் குடியிருப்பவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். அக்கா வேலைக்குப் போன பிறகு, ஷிப்ட் இல்லாத நாட்களில், மிச்சப் படத்தை அவர் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடுகிறார்.

அக்கா பொழுதுபோக்குக்காகப் பார்ப்பதில்லை. நூலகத்து மாடியில் வாரம் ஒருநாள் சினிமா எடுக்கக் கற்றுத்தருகிறார்கள். அவரும் சேர்ந்திருக்கிறார். ஆளுக்கொரு மர்மப் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பார்த்தவர்களை எது "அப்புறம்?" என்று கேட்க வைக்கிறதோ, அதை வகுப்பே சேர்ந்து முழுப் படமாக எடுக்கும். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற அக்காவுக்கு அந்த முழுப் படம் வேண்டும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே கண் கலங்கிவிடும், அவ்வளவு வேண்டும்.

அதனால்தான் இந்த ஆராய்ச்சி. "எல்லாப் படத்துலயும் மழை பெய்யுது தம்பி. கொலை பண்றவனுக்கும் மழைக்கும் அப்படி என்ன ஒட்டோ உறவோ" என்று தொடங்கினால் நிறுத்தமாட்டார். டெலிபோன் அடித்து எடுக்கப் போகிறவர் திரும்பி வரமாட்டார், கண்ணாடி முன்னால் தலைவாருகிறவளுக்குப் பின்னால் யாரோ நிற்பார்கள். சலித்துச் சலித்து அக்கா கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. "ஆள மறைக்கலாம். கேள்விய மறைக்கக் கூடாது. கேள்வி பளிச்னு தெரியணும்."

அக்காவின் வேலை பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான அறையில். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அக்கா அதில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் பல் பதித்து, செட் செய்து கொடுப்பார். மேஜை நிறையத் தாடைகள். கதை யோசிக்கும்போது அவைதான் அவருக்கு நடிகர்கள். "இது கடைக்காரி, இது வந்து கேக்கறவரு" என்று இரண்டு தாடைகளை எதிரெதிரே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவசரமாகப் பல் கேட்டு வந்த யாரோ ஒருவர் இதைப் பார்த்து மிரண்டே போய்விட்டாராம்.

கதை பிறந்ததும் அங்கேதான். ஒருவர் தன் பல்செட்டை வாங்க வருகிறார். "நேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டீங்களே" என்கிறாள் கடைக்காரி. அவர் வாயைத் திறந்து காட்டுகிறார். பொக்கை. அவ்வளவுதான், பேர் போட்டுவிடலாம். கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. அவர் முகத்தோடு வந்து வாங்கிப் போனது யார்?

எல்லாம் சரி, பொக்கை வாய்க்கு எங்கே போவது? வீட்டுக்காரரின் பல்லுக்குக் கரி பூசி ஒத்திகை பார்த்தார். பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவுக்குக் கோபம் வந்தது. "பல்லில்லாட்டி மேலுதடு உள்ள போகும், கன்னம் ஒட்டும். இது பல்லை வெச்சுக்கிட்டு இல்லைன்னு பொய் சொல்ற வாய்." கிளினிக்குக்கு வருகிறவர்களில் யாரையாவது கேளுங்களேன் என்றேன். "வைத்தியத்துக்குத் தொறந்த வாய் தம்பி அது. படத்துக்கு இல்ல" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அதற்கு விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதுதான் சங்கடம். இளவயதில் ஒரு விபத்தில் வீட்டுக்காரரின் மேல்வரிசை மொத்தமும் போய்விட்டது. பல் கட்டிக்கொள்ள வந்தவர், செட் சரியாகப் பொருந்திய பிறகும் ஏதோ சாக்குச் சொல்லித் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் பெண் கேட்டார். அன்றிலிருந்து அவருக்கு அக்கா செய்ததுதான் பல். ஆனால் கழற்றுவதும் கழுவுவதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான். அவர் தாடையின் அச்சு அக்காவுக்கு மனப்பாடம், அந்த வாயை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

"கேட்டா செய்வாரு. அதனாலதான் கேக்கல" என்றார் அக்கா. நூலகத்தில் திரையிடும்போது டிப்போ ஆட்களெல்லாம் வருவார்கள். மைக்கில் கம்பீரமாகப் பேசுகிற மனிதர் அவர். ஆகவே, பல்செட் வாங்க வந்தவர் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பார் என்று கதையை மாற்றினார். கேள்வி மறைந்துபோனது அவருக்கே தெரிந்தது. இரண்டு நாள் டிவி பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கிளினிக்கின் பின்னறையில் படப்பிடிப்பு. விளக்கைப் பிடிக்கும் வேலை எனக்கு. கேமராவுக்குப் பின்னால் அக்கா, கடைக்காரியின் குரலும் அவரே. "ஏங்க, அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க" என்றார். வீட்டுக்காரர் திரும்பினார். கையை வாய்க்குக் கொண்டுபோனார், சட்டைப்பையில் எதையோ போட்டார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டீங்களே" என்றார் அக்கா. குரல் நடுங்கியது. கதைக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். உதடு உள்ளே போயிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. பத்து வயது கூடிய அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கண் மட்டும் அசையாமல் கேமராவையே பார்த்தது. கட் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கேமராவை விட்டுவிட்டு நேரே அவரிடம் போனார்.

"இதென்ன, இந்தப் பக்கம் ஈறு இப்படிச் செவந்திருக்கு?" விரலை உள்ளே விட்டு மெல்லத் தடவினார். "செட் கடிக்குதா? எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா" என்றார் அவர் குழறலாக.

"சொல்ல மாட்டீங்களா? ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கறவ வீட்டுலயே இருக்கா, வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" திட்டிக்கொண்டே அவர் சட்டைப்பையிலிருந்த செட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்ன அரத்தால் ஓரத்தை ராவத் தொடங்கினார். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ராவி முடித்துக் கழுவிக் கொடுத்ததும் வீட்டுக்காரர் வாங்கி மாட்டிக்கொண்டார். இரண்டு முறை கடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று தலையாட்டிவிட்டு, எங்கள் எதிரிலேயே அதைக் கழற்றி மறுபடி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.